பொம்மைப் படம் பார்க்கும் கணவர், குளிக்கப் பயப்படும் மகள்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருமணமாகி அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குச் சென்ற 33 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 38 வயது. 1992-இல் ஐந்து வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் போனவர். நல்ல வேலை, பொறுப்பான மனிதர், அதிர்ந்து பேசாதவர். ஆனால் கடந்த ஓராண்டாக ஒரு வழக்கம். மகள் உறங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், ‘ரக்ராட்ஸ்’ என்ற பழைய கார்ட்டூனைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிடுகிறார். தவழும் குழந்தைகளைப் பற்றிய பொம்மைப் படம். சில இரவுகளில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சில இரவுகளில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கேட்டால், “சின்ன வயதில் பார்த்தது, அவ்வளவுதான்” என்கிறார்.

இரண்டு மாதங்களாக, மூன்றே முக்கால் வயது மகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதையே காட்டுகிறார். அதன் பிறகு மகள் பக்கத்து வீட்டுக் குழந்தையை ‘முட்டாள் குழந்தை’ என்று ஆங்கிலத்தில் திட்டத் தொடங்கியிருக்கிறாள். குளியல் தொட்டியில் இறங்க மறுக்கிறாள். தண்ணீர் வடியும் துளை தன்னை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அலறுகிறாள். தொலைபேசியில் வாசகியின் அம்மா, “முற்றிய பிள்ளைக்குப் பொம்மைப் படம் எதற்கு, மந்திரித்துக் கயிறு கட்டு” என்கிறார். உடன் வசிக்கும் மாமனார் எதுவும் பேசுவதில்லை.

வாசகியின் கேள்விகள் மூன்று. கணவருக்கு மனநலக் கோளாறா? இந்தக் கார்ட்டூன் மகளைக் கெடுக்கிறதா? வீட்டில் இதை அடியோடு தடை செய்யலாமா?

கடிதத்தின் இறுதிப் பக்கத்தில், கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு, போகிற போக்கில் நான்கு வரிகள் எழுதியிருக்கிறார். மாமியார் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மகளை இரண்டரை வயது வரை வளர்த்தவர் அவர்தான். “அப்பாயி ஊருக்குப் போயிருக்கிறார்” என்றுதான் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரின் புடவைகள், மூக்குக் கண்ணாடி, சுருக்குப் பை எல்லாம் ஒரு பெட்டியில் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. அதைத் திறக்கக் கணவர் விடுவதில்லை. அவர் அந்தக் கார்ட்டூனில் ஒரே எபிசோடைத்தான் அடிக்கடி பார்க்கிறார். செம்பட்டைத் தலையும் கண்ணாடியுமாக ஒரு பையன் வருவது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த நான்கு வரிகளைத்தான். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால், உங்கள் கணவர் எதைப் பார்க்கிறார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் நம் ஊரில் வளர்ந்தவர்; அது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். குழந்தைகளோடும் பெற்றோரோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிற நான் அந்தத் தொடரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் மீது எனக்கு மரியாதை உண்டு.

தரையிலிருந்து பார்த்த உலகம்

ரக்ராட்ஸ் 1991 ஆகஸ்ட் 11 அன்று நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர்கள் மூவர்: ஆர்லீன் கிளாஸ்கி, ஹங்கேரியிலிருந்து வந்த காபோர் சூபோ, பால் ஜெர்மெய்ன். அப்போது ஆர்லீன் கிளாஸ்கி இரண்டு சிறு பையன்களுக்குத் தாய். வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இந்தக் குழந்தைகளுக்குப் பேச வந்தால் என்ன பேசுவார்கள், ஏன் இப்படி நடந்துகொள்கிறோம் என்று என்ன விளக்கம் சொல்வார்கள் என்று தோன்றியது. தொடர் முழுவதும் அந்தக் கேள்வியின் விரிவுதான்.

ஒரு வயதுக் குழந்தை டாமி. பயமே அறியாதவன். அரைத்துணிக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஒளித்து வைத்துக்கொண்டு, தன்னை விளையாட விட்டிருக்கும் அடைப்பைத் திறந்து வெளியே கிளம்பிவிடுவான். அவன் நண்பன் சக்கி இரண்டு வயது, எல்லாவற்றுக்கும் பயம். பில், லில் என்று இரட்டைக் குழந்தைகள். டாமியின் பெரியப்பா மகள் ஏஞ்சலிகாவுக்கு மூன்று வயது. குழந்தைகள் தங்களுக்குள் தெளிவாகப் பேசிக்கொள்வார்கள். பெரியவர்கள் காதில் அது விழாது. ஏஞ்சலிகாவுக்கு மட்டும் இரண்டு பக்கத்துப் பேச்சும் புரியும். அவளுடைய அதிகாரம் முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. பெரியவர்கள் சொன்னதைத் திரித்துக் குழந்தைகளிடம் சொல்வாள், அவர்களும் நம்பிவிடுவார்கள்.

படத்தை வரைந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். பார்வை பெரும்பாலும் தரையை ஒட்டி இருக்கும். மேசை ஒரு மண்டபம் போல நிற்கும். பெரியவர்கள் பல காட்சிகளில் கால்களாகத்தான் வருவார்கள். முதன்முதலாக மாதிரிக்கு எடுத்துப் பார்த்த குறும்படத்தில் டாமி தேடிப் போகும் மாபெரும் வெள்ளைப் பொருள் என்ன தெரியுமா? வீட்டுக் கழிப்பறையின் பீங்கான் தொட்டி. நமக்கு அது கழுவ வேண்டிய சாமான். ஒரு வயதுக் குழந்தைக்கு அது கண்டுபிடிக்க வேண்டிய கண்டம்.

நம்மிடம் பிள்ளைத்தமிழ் இருக்கிறது. செங்கீரை, சப்பாணி, முத்தம், அம்புலி என்று குழந்தை வளர்வதைப் பருவம் பருவமாகப் பாடுகிற மரபு. அதில் பெரியவர்கள் குழந்தையைப் பார்க்கிறார்கள், வியக்கிறார்கள், அழைக்கிறார்கள். இந்தக் கார்ட்டூனில் குழந்தை நம்மைப் பார்க்கிறது. எதை எதையோ அவசரமாகச் செய்துகொண்டு, காரணம் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போய், காரணம் சொல்லாமல் விட்டுவிட்டு வருகிற நம்மை. இதைப் பார்க்கும் பெற்றோருக்கு முதலில் சிரிப்பு வரும். அடுத்து ஒரு குற்ற உணர்வு வரும். அந்த இரண்டாவதுதான் இதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பழைய நினைவுக்காகத்தான் எல்லோரும் இதைப் பார்க்கிறார்கள் என்பது பொதுவான எண்ணம். உங்கள் கடிதத்திலும் அது தெரிகிறது. நடந்ததைப் பார்த்தால் அப்படி இல்லை. 1990களின் நடுவில், ஓரிரு சிறப்பு எபிசோடுகளைத் தவிர, புதிய எபிசோடுகள் தயாரிப்பு நின்றுபோனது. பழைய எபிசோடுகளையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். அந்த மறு ஒளிபரப்பில்தான் பார்வையாளர்கள் பெருகினார்கள். அன்று பார்த்தவர்கள் சிறு பிள்ளைகள். திரும்பிப் பார்த்து ஏங்க அவர்களுக்கு என்ன பழைய நினைவு இருந்திருக்கும்? மவுசு கூடிய பிறகு தயாரிப்பை மீண்டும் தொடங்கினார்கள். 1998-இல் திரைப்படம் வந்தது. டிஸ்னி தயாரிக்காத அனிமேஷன் படங்களில் அமெரிக்காவில் 10 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் படம் அதுதான். 2004-இல் தொடர் முடியும்போது 172 எபிசோடுகள் ஆகியிருந்தன. 2021-இல் புது வடிவத்தில் மறுபடியும் எடுத்தார்கள். டாமிக்கும் ஏஞ்சலிகாவுக்கும் குரல் கொடுத்த அதே ஈ.ஜி. டெய்லியும் ஷெரில் சேஸும் மறுபடி வந்து குரல் கொடுத்தார்கள்.

உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு ஒட்டுதலும் இருந்திருக்கலாம். 1992-இல், ஆங்கிலம் தெரியாத ஐந்து வயதுப் பையன் ஒரு புது நாட்டில் இறங்குகிறான். பெரியவர்கள் பேசுவது புரியவில்லை. அவன் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டால், அதே நிலையில் இருக்கும் ஐந்தாறு குழந்தைகள் உலகத்தைத் தாங்களாகவே ஊகித்துக்கொண்டு நடக்கிறார்கள். டாமியின் அம்மாவைப் பெற்றவர்கள், போரிஸும் மின்காவும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். பேச்சில் ஊர் வாடை மாறாதவர்கள். 1995-இல் அவர்களுடைய பாஸ்கா பண்டிகையை வைத்தே ஒரு முழுக் கதை வந்தது. வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி, தாத்தா சொல்லும் ஊர்க்கதை: குடியேறியவர்களின் பிள்ளைக்கு இது தன் வீடு போலவே இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் பலர் பின்னாளில் அப்பா அம்மாவுக்காக வங்கியிலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றவர்கள். ஏஞ்சலிகாவின் வேலையை அவர்கள் நல்ல விதமாகச் செய்தார்கள். உங்கள் கணவரும் தன் அம்மாவுக்கு அப்படித் துணை நின்றிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். கேட்டுப் பாருங்கள்.

மகளைப் பற்றிய கவலை

இங்கே நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கணவர் ஒன்றைத் தவறாக எண்ணியிருக்கிறார். குழந்தைகளைப் பற்றிய கதை என்பதால் குழந்தைகளுக்கான கதை என்று ஆகிவிடாது. டாமிக்கு ஒரு வயது என்பதற்காக ஒரு வயதுக் குழந்தைக்கு அதைக் காட்ட முடியுமா? பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்ட, தன் மழலைக் காலத்தைத் தாண்டிவிட்ட பிள்ளைதான் இதைச் சரியாக ரசிக்கும். தான் ஒரு காலத்தில் பயந்ததைப் பார்த்து இப்போது அந்தப் பிள்ளையால் சிரிக்க முடியும். உங்கள் மகள் இன்னும் அந்தப் பயத்தின் நடுவில் நிற்கிறாள்.

தண்ணீர்த் துளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொடரில் அப்படியே ஒரு கதை உண்டு. குளியல் தொட்டியின் துளை வழியாக நீங்கள் போய்விடுவீர்கள் என்று ஏஞ்சலிகா சொல்லிவிடுவாள். டாமியும் சக்கியும் நடுங்கிப் போவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏஞ்சலிகா பொய் சொல்கிறாள் என்பது புரியும். மூன்றே முக்கால் வயதில் எது நடக்கும், எது நடக்காது என்ற எல்லைக்கோடு இன்னும் உறுதியாகவில்லை. தண்ணீர் சுழன்று, சத்தம் போட்டு, மறைந்து போவதைக் கண்ணால் பார்க்கிறாள். நானும் போவேன் என்று நினைப்பது இந்த வயதுக்கு இயல்பான கணக்கு. இந்தக் கார்ட்டூனைப் பார்க்காத எத்தனையோ குழந்தைகளுக்கும் இதே பயம் வருகிறது.

அவளைக் கட்டாயப்படுத்தித் தொட்டியில் இறக்காதீர்கள். ‘பயப்படாதே, அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொல்லி முடித்தும் விடாதீர்கள். சில நாட்கள் வாளியில் தண்ணீர் வைத்து, சொம்பால் மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டுங்கள். நாமெல்லாம் அப்படித்தானே குளித்தோம். இன்னொரு நேரத்தில், உடை மாற்றாமல், இருவருமாகத் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அவளுடைய பொம்மையைத் துளைக்குள் விட முயலுங்கள். போகாது. பந்தை விடுங்கள். போகாது. அவள் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பானைத் திறக்கும் வேலையை அவளிடமே கொடுங்கள். அவள் தொட்டியை விட்டு வெளியேறி, துண்டால் போர்த்தப்பட்ட பிறகே தண்ணீரை வெளியேற்றுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

திட்டுவதும் இதே வகைதான். தொடரில் ஏஞ்சலிகாவின் வாயாடித்தனத்துக்குக் கதையின் முடிவில் பலன் கிடைத்துவிடும், மாட்டிக்கொள்வாள், அழுவாள். அதனால் பாடம் புரிந்துவிடும் என்று பெரியவர்கள் நம்புகிறோம். இந்த வயதுக் குழந்தை முடிவில் வரும் தண்டனையையும் பத்து நிமிடத்துக்கு முன் நடந்த குறும்பையும் இணைத்துப் பார்ப்பதில்லை. அவள் மனதில் நிற்பது, ஒரு பெண் குழந்தை உரக்கப் பேசினாள், எல்லோரும் கேட்டார்கள் என்பதுதான். சுற்றி எல்லோரும் அவளை விட உயரமாக இருக்கும் உலகத்தில் அது எவ்வளவு பெரிய கவர்ச்சி! அவள் அந்தச் சொல்லைச் சொன்னால் அதிர்ச்சியடையாமல், “அது வலிக்கும் சொல், வேறு மாதிரி சொல்” என்று ஒரே குரலில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் போன்ற சாமான்கள் அவள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். டாமியைப் பார்த்த பிறகு இது கட்டாயம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் உடன் இருந்து பார்க்க வேண்டும் என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வலியுறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மடியில் அரை மணி நேரம் என்பது இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. மடி என்பதைக் கவனியுங்கள். அவள் தனியாக விடப்படவில்லை. ஆகவே கெடுகிறாளா என்றால், இல்லை. அவளுக்கு வயது போதவில்லை, அவ்வளவுதான். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அவளே கேட்டு ரசிப்பாள்.

தடை செய்யலாமா?

கூடாது. அதைக் காரணத்தோடு சொல்கிறேன்.

நீங்கள் தடை செய்தால் அவர் பார்ப்பதை நிறுத்த மாட்டார்; உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பார். இரவில் காரிலோ அலுவலகத்திலோ கைபேசியில் பார்ப்பார். அந்த வீட்டில் அவர் இப்போது அழுவதற்கு என்று வைத்திருக்கும் ஒரே இடத்தையும் நீங்கள் பூட்டியதாகிவிடும். மகளுக்குக் காட்டுவதை மட்டும் சில காலம் ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்பது வேறு. அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். “அவள் பயப்படுகிறாள், ஆறு வயதானதும் நீங்களே காட்டுங்கள்” என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மடி மட்டும் நிற்கக் கூடாது. கார்ட்டூனுக்குப் பதிலாக அவர் அந்தக் கதைகளைத் தமிழில் சொல்லட்டும். ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் குழந்தை, எல்லாவற்றுக்கும் பயப்படும் நண்பன், வெள்ளைத் தொட்டியைத் தேடிப் போன பயணம். அவர் குரலில், அவளுக்குத் தகுந்தபடி பயத்தைக் குறைத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில் வாழ்ந்த மனிதர், தன் குழந்தைப் பருவத்தைத் தன் தாய்மொழியில் சொல்லிப் பார்த்திருக்கவே மாட்டார்.

கணவரைப் பற்றி

38 வயது மனிதர் பொம்மைப் படம் பார்ப்பது நோய் இல்லை. கயிறு கட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. உங்கள் அம்மா பாசத்தில் சொல்கிறார். அவருக்கு மகளின் வீடு தொலைவில் இருக்கிறது என்ற பதற்றம். ஆனால் அவர் சொல்வதைக் கணவர் காதில் விழும்படி பேச வேண்டாம்.

இப்போது அந்த நான்கு வரிகளுக்கு வருகிறேன்.

செம்பட்டைத் தலையும் கண்ணாடியுமாக வரும் பையன்தான் சக்கி. தொடரின் தொடக்கத்திலிருந்தே அவனுக்கு அப்பா சாஸ் மட்டும்தான் இருப்பார். அம்மா எங்கே என்று பல ஆண்டுகள் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. 1997-இல் அன்னையர் தினத்தை ஒட்டி வந்த சிறப்பு எபிசோடில்தான் சொன்னார்கள்: அவள் நோயில் இறந்துவிட்டாள். அவள் பெயர் மெலிண்டா. அவள் விட்டுச் சென்ற பொருள்கள் ஒரு பெட்டியில் இருக்கும். அந்தத் தந்தை அதை மகனிடம் காட்ட மனம் வராமல் ஒளித்து வைக்கிறார். பையன் சின்னவன், தாங்க மாட்டான் என்பது அவர் சொல்லிக்கொள்ளும் காரணம். உண்மையில் தாங்க முடியாதது அவருக்குத்தான். குழந்தைகள் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன் பிறகே அவர் மகனோடு உட்கார்ந்து, உனக்கு ஒரு அம்மா இருந்தாள் என்று சொல்கிறார்.

உங்கள் கணவர் அடிக்கடி பார்ப்பது பெரும்பாலும் இந்த எபிசோடாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் திறக்க அவர் விடுவதில்லை. மகளிடம் அப்பாயி ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் சிறு வயதில் இதைப் பார்த்தபோது சக்கியாக இருந்து பார்த்தார். இப்போது சாஸாக இருந்து பார்க்கிறார். ஒவ்வோர் இரவும் அந்தத் தந்தை பெட்டியைத் திறக்கும் இடம் வரை போய்விட்டு, தன்னால் முடியாமல், எழுந்து படுக்கப் போகிறார்.

நான் மனதைப் படிக்கிறவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் நோயின் பெயரைச் சூட்டுவது என் தொழிலுக்கு முறையும் அல்ல. ஆனால் இது துக்கம் என்பதில் எனக்கு ஐயம் குறைவு.

சில அறிகுறிகளை நீங்கள் கவனிக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாமல் தடுமாறுகிறாரா, பல வாரங்களாக உறக்கமோ உணவோ குலைந்திருக்கிறதா, மது கூடியிருக்கிறதா, மகளிடம்கூட ஒட்டாமல் விலகுகிறாரா, அம்மா இல்லாத வாழ்வுக்குப் பொருளில்லை என்பது போலப் பேசுகிறாரா. பெரியவர்களுக்கு இறப்புக்குப் பின் ஓராண்டு கடந்தும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. பேச்சு வழியான சிகிச்சை. உங்கள் கடிதத்தில் உள்ள மனிதர் வேலைக்குப் போகிறார், மகளை மடியில் வைத்துக்கொள்கிறார், சிரிக்கிறார். ஆகவே அந்த எல்லையை அவர் தாண்டியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பதினான்கு மாதங்கள் பெட்டியைத் திறக்க முடியவில்லை என்பதால், ஓர் ஆலோசகரிடம் சில முறை பேசுவது அவருக்கு நல்லது. அங்கே பல நிறுவனங்கள் ஊழியர்களுக்குச் சில முறை இலவச ஆலோசனை தருகின்றன. அவருடைய அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வெளிப்பட்டால் ஒரு நிமிடமும் காத்திராமல் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அது நாள் முழுவதும் இயங்கும்.

மாமனாரின் மௌனத்தையும் மறந்துவிடாதீர்கள். மனைவியை இழந்தவர் அவர். மகன் இரவில் பொம்மைப் படம் பார்ப்பது ஏன் என்று அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் முன்னால் புரிந்தவராக அவர் இருக்கக்கூடும்.

மகளிடம் சொல்ல வேண்டியது

என் பதிலில் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான். ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பதைத் திருத்துங்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்ப வருவார்கள், அப்பாயி வரவில்லை. தன்னை வளர்த்தவர் ஒருநாள் சொல்லாமல் போய்விட்டார், திரும்பவே இல்லை, ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சுழன்று மறையும் தண்ணீரைப் பார்த்து அவள் அலறுவதற்குக் கார்ட்டூன் மட்டும்தான் காரணமா என்று நானும் யோசிக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மனிதர்கள் காரணமில்லாமல் மறைந்துபோகும் வீட்டில் ஒரு குழந்தை மறைந்துபோவதற்குப் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

எளிய சொற்களில் சொல்லுங்கள். “அப்பாயிக்கு உடம்பு மிகவும் முடியாமல் போனது. டாக்டர்கள் முயன்றும் சரியாகவில்லை. இறந்துவிட்டார். இறந்துவிட்டால் உடம்பு வேலை செய்யாது. மூச்சு விட முடியாது, வலிக்காது, திரும்பி வர முடியாது. எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. உன்னை அப்பாயிக்கு மிகவும் பிடிக்கும்.” இவ்வளவு போதும். ‘தூங்குகிறார்’ என்று சொல்லாதீர்கள்; தூங்கப் பயப்படுவாள். ‘சாமி கூப்பிட்டுக்கொண்டது’ என்பதையும் இப்போது தவிருங்கள். சாமி என்னையும் கூப்பிடுமா என்று கேட்பாள். உங்கள் வழிபாட்டை, நம்பிக்கையைப் பின்னால் மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் உடனே அழ மாட்டாள். ‘சரி’ என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள். மறுநாள் காலையில், அப்பாயி எப்போது வருவார் என்று மறுபடியும் கேட்பாள். இந்த வயதில் இறப்பு என்பது நிரந்தரம் என்று ஒரே தடவையில் புரியாது. பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் அதே பதிலை அதே அமைதியோடு சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் கணவரின் கண் கலங்கினால் அவர் எழுந்து போக வேண்டாம். அப்பா அழுவதைக் குழந்தை பார்க்கலாம். ஏன் அழுகிறார் என்று தெரிந்தால் போதும்.

தொடங்கும் வழியைக் கேட்டால், கணவரிடம் பெட்டியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். இன்றிரவு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தச் செம்பட்டைத் தலைப் பையனின் கதையை எனக்கும் போட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். 25 நிமிடக் கதைதான். ஆங்கிலம் புரியாத இடங்களில் நிறுத்தி விளக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒன்றும் கேட்காதீர்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்திலேயே இருங்கள். இரண்டு மூன்று இரவுகளில் அவராகவே அம்மாவைப் பற்றித் தொடங்குவார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பெட்டியைத் திறக்கும் நாளில் மாமனாரும் இருக்கட்டும், மகளும் இருக்கட்டும். புடவையின் வாசனை அவளுக்கு நினைவிருக்கும். இரண்டரை ஆண்டுகள் அந்த மடியில் உறங்கியவள். சுருக்குப் பையை இழுத்து இழுத்துத் திறப்பாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுவாள். கொடுங்கள். உடைந்துவிடும் என்று உங்கள் கணவர் பதறினால், அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.